எந்தப் புகார் முதலில்? அடிபம்பு சொல்லித் தரும் பாடம்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வாடிக்கையாளர் கருத்தும் புதிய பொருள் உருவாக்கமும்'. கேட்பதற்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கடைக்குப் போனாலும் 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று ஒரு போர்டு தொங்கும். தெய்வம் என்று சொல்லிவிட்ட பிறகு, அது பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்கிறார்கள். ஒருத்தர் விலையைக் குறை என்கிறார். ஒருத்தர் கலரை மாற்று என்கிறார். இன்னொருத்தர் சத்தம் அதிகம் என்கிறார். நம்மிடம் இருக்கும் ஆட்கள் கொஞ்சம், பணம் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். இவற்றில் எதை முதலில் எடுப்பது? எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது? எதைக் கையெடுத்துக் கும்பிட்டு 'முடியாதுங்க' என்று சொல்வது? கேட்பது பண்பு. கேட்டதை வரிசைப்படுத்துவதுதான் பொறியாளரின் வேலை. இன்று நான் பேசப்போவது அந்த வரிசையைப் பற்றி மட்டும்தான்.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகவேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் சின்ன வயதில் எக்கி எக்கித் தண்ணீர் அடித்தோமே, அந்தத் தெருமுனை அடிபம்பையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'இந்தியா மார்க் டூ'. உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட கைப்பம்பு அதுதான். 1980-கள் முடிவதற்குள் நம் நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஏற்றுமதி ஆனது. அதன் பிறப்பில் சென்னைக்குப் பங்கு உண்டு, கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. அப்படி இருந்தும் அதன் கதையை நம் பாடப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை.

முதல் புகார்: 'பம்பு நின்னு போச்சு'

1966, 67-ல் பீகாரில் கடும் வறட்சி வந்தது. அதையொட்டி, பாறையைத் துளைத்து போர் போடும் இயந்திரங்களை யுனிசெப் அமைப்பு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை எட்டாத ஆழத்துத் தண்ணீர் எட்டியது. போர் போட்டாயிற்று, சரி. மேலே என்ன பம்பு வைப்பது? கிடைத்ததெல்லாம் வார்ப்பிரும்புப் பம்புகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பண்ணை வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு குடும்பம், ஒரு நாளைக்குச் சில தடவை அடிப்பதற்காகச் செய்த வகையின் நகல்கள் அவை.

நம் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 250 பேருக்கு ஒரு பம்பு என்பது அப்போதைய அரசுக் கணக்கு. விடியற்காலை வரிசை ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் கைப்பிடிக்கு ஓய்வே கிடையாது. பின் தேய்ந்தது, கைப்பிடி ஒடிந்தது, வார்ப்பு விரிசல் விட்டது. 1970-களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நட்ட பம்புகளில் பெரும்பகுதி ஓடாமல் கிடந்தது தெரியவந்தது. போர் போட்ட பணம் அத்தனையும் மண்ணுக்குள். ஜனங்கள் மறுபடியும் குட்டைக்கும் திறந்த கிணற்றுக்கும் போனார்கள். அதோடு காலராவும் வயிற்றுப்போக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

இப்படி ஒரு புகார் வரும்போது சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'இன்னும் நூறு பம்பு வாங்கி நடு'. இரண்டு, 'ஜனங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை, முரட்டுத்தனமாக அடிக்கிறார்கள்'. தொழிலில் இருக்கிற நண்பர்களே, இந்த இரண்டாவது பதிலை நம் மீட்டிங்குகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! வாடிக்கையாளர் தப்பாகப் பயன்படுத்துகிறார் என்று சொல்லிவிட்டால் பைலை மூடிவிடலாம். ஆனால் அப்படிப் பயன்படுத்துவதுதான் அவர்களுடைய வாழ்க்கை என்றால், அதுதானே நமக்கு வரையறை? 250 பேர் அடிப்பது முரட்டுத்தனம் இல்லை. அது லோடு. டிசைன் செய்கிறவன் குறித்துக்கொள்ள வேண்டிய லோடு.

மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் களத்தில் இருந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு ஏற்கெனவே வேறு மாதிரிப் பம்புகளைச் செய்து பார்த்திருந்தார்கள். வார்ப்புக்குப் பதிலாக வெல்டிங் செய்த ஸ்டீல். பல மூட்டுகளுக்குப் பதிலாக ஒரே அச்சு, அதில் பால் பேரிங். கம்பியை நேராக மேலே இழுப்பதற்கு ஒரு செயின். அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு, யுனிசெப்பும், மெட்ராஸில் இருந்த மெரடோ ஆராய்ச்சி அமைப்பும், அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸின் மெட்ராஸ் தொழிற்சாலையும் சேர்ந்து உருவாக்கியதுதான் மார்க் டூ.

மாதிரிப் பம்புகளை எங்கே சோதித்தார்கள் தெரியுமா? கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில். காரணம், அங்கே தண்ணீர் ஆழத்தில் இருந்தது. ஆழம் அதிகம் என்றால் பம்புக்குச் சுமை அதிகம். நோஞ்சான் பம்பு அங்கே சீக்கிரம் படுத்துவிடும். சோதனைக்கூடத்தில் பாஸ் ஆக்கிவிட்டு மாலை போடவில்லை. எங்கே கஷ்டம் அதிகமோ அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அங்கே தாங்கியது, 1977, 78-ல் பெருமளவு உற்பத்திக்குப் போனது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அன்று அவர்கள் முன்னால் பல கோரிக்கைகள் இருந்திருக்கும். பணம் கொடுத்து வாங்குவது அரசு. அதற்கு மலிவான பம்பு வேண்டும். அடிக்கிறவர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு நிற்காத பம்பு வேண்டும். வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர். யாருடைய குரல் முதலில்? மார்க் டூ, அடிக்கிறவர் பக்கம் நின்றது. பழைய வார்ப்புப் பம்பைவிட விலை கூடுதலான பம்புதான் அது. ஆனால் நாற்பது தடவை அடித்தால் ஏறக்குறைய 15 லிட்டர், அதாவது ஒரு குடம், நாள் தவறாமல் வந்தது. நிற்கிற பம்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான் என்று வாங்கியவருக்கும் பிறகு புரிந்தது.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இந்த டிசைனை யாருக்கும் சொந்தமாக்கிப் பூட்டி வைக்கவில்லை. இந்திய தர நிர்ணயம் வந்தது. எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு ஒன்றே, எந்த ஊரில் வாங்கிய வாஷரும் எந்த ஊர்ப் பம்புக்கும் பொருந்தும். உதிரிபாகம் கிடைக்காத பொருள், வாங்கிய அன்றே பாதி செத்த பொருள் அல்லவா?

இரண்டாவது புகார்: 'எப்ப வருவீங்க?'

சரி, கெட்டியான பம்பு வந்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் இன்றைய என் பேச்சின் மையம் இருக்கிறது.

மார்க் டூ அடிக்கடி நிற்கவில்லை. ஆனால் நின்றால் பழுது பார்ப்பது பெரிய வேலை. ஏன் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரை மேலே தள்ளும் பிஸ்டன், பூமிக்கடியில் சிலிண்டருக்குள் இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். மேலே வரும் பைப்பின் அளவோ 32 மில்லிமீட்டர். அகலமான பிஸ்டன் குறுகலான பைப்பு வழியாக மேலே வராது. ஆகையால் பிஸ்டனில் இருக்கும் ஒரு சின்னத் தோல் வாஷர் தேய்ந்தால்கூட, மொத்தப் பைப்பையும் வெளியே எடுக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால், 3 மீட்டர் பைப்பு பத்து. கம்பியும் சிலிண்டரும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல். பாக்கெட்டில் இருக்கும் பேனாவை எடுப்பதற்குச் சட்டையையே கழற்றுகிற மாதிரி!

இதற்குத் தமிழ்நாட்டில் மூன்று அடுக்குப் பராமரிப்பு முறை இருந்தது. கிராமத்தில் ஒரு பொறுப்பாளர், அவர் நட்டு போல்ட்டு முடுக்குவார், கிரீஸ் போடுவார். ஒன்றிய அளவில் ஒரு பிட்டர். பெரிய வேலை என்றால் மாவட்டத்திலிருந்து வண்டியும் கருவிகளும் ஆட்களுமாக ஒரு குழு வரும். அந்த ஒரு குழுவுக்குப் பல நூறு பம்புகள். உங்கள் ஊர் முறை எப்போது வரும்? கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒரு களச் சோதனைத் திட்டம் நடந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் யுனிசெப்பும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் அதில் இருந்தன. எந்த பம்பில் எந்த உறுப்பு எப்போது போனது, அதைச் சரிசெய்ய எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று பொறுமையாக எழுதி வைத்தார்கள். மார்க் த்ரீ இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது நான் புரிய வைப்பதற்காகப் போடும் கணக்கு. முதல் பம்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நிற்கிறது, ஆனால் சரிசெய்ய முப்பது நாள் ஆகிறது. இரண்டாவது பம்பு வருஷத்தில் மூன்று தடவை நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் மறுநாளே சரியாகிவிடுகிறது. இதில் எது நல்ல பம்பு? தொழிற்சாலையைக் கேட்டால் முதல் பம்பு என்று சொல்லும். அதற்கு 'ஒரு வருஷத்தில் எத்தனை பழுது' என்பதுதான் அளவுகோல். குடத்தோடு நிற்கிற பெண்ணைக் கேளுங்கள். 'ஒரு வருஷத்தில் எத்தனை நாள் தண்ணி இல்ல?' என்பது அவர் அளவுகோல். முதல் பம்பில் முப்பது நாள் இல்லை. இரண்டாவதில் மூன்றே நாள். தரம் என்ற சொல்லுக்கு யாருடைய அளவுகோலில் பொருள் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் புகாரின் வரிசையே தலைகீழாக மாறிவிடுகிறது!

மார்க் த்ரீயில் என்ன செய்தார்கள்? பைப்பை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். பிஸ்டனையும் அடி வால்வையும் பைப்பு வழியாகவே மேலே இழுத்துவிடலாம். பைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டார்கள், அது தோலைவிட வெகுகாலம் உழைத்தது. வண்டியும் பெரிய குழுவும் தேவைப்பட்ட வேலையை, ஒரு பிட்டர் சைக்கிளில் வந்து ஒரு கையாளை வைத்துக்கொண்டு முடிக்க முடிந்தது.

இதற்கும் ஒரு விலை இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். அகலமான பைப்பு கனம் அதிகம், காசும் அதிகம். அதனால் ஆழம் மிக அதிகமான இடங்களுக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. மார்க் டூவை அது முழுக்க விரட்டிவிடவும் இல்லை. ஒரு புகாரைத் தீர்க்கும்போது இன்னொரு புகார் பிறப்பது இயல்பு. தீர்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள், யார் பலன் பெறுகிறார்கள் என்று தெரிந்து முடிவெடுத்தால் போதும்.

மூன்றாவது புகார்: யாரும் சொல்லாதது

இதுவரை சொன்னதெல்லாம் வாய்விட்டுச் சொன்ன புகார்கள். புகாரே சொல்லாமல் எழுந்து போய்விடுகிறவர்களை என்ன செய்வது?

1980-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். போர் போட்டு பம்பு நட்டார்கள். பம்பு நன்றாக ஓடியது. பழுது ரிஜிஸ்தரில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பல இடங்களில் பெண்கள் பம்பைத் தாண்டிப் பழைய குட்டைக்கே போனார்கள். தண்ணீர் செம்பழுப்பாக வந்தது. துணி கறை பிடித்தது, சமைத்த சாப்பாட்டின் நிறமும் ருசியும் மாறியது. நிலத்தடி நீரிலேயே இரும்பு அதிகம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது பல கிணறுகளில் குற்றவாளி பம்பேதான் என்று தெரிந்தது. அமிலத்தன்மை உள்ள அந்தத் தண்ணீர், ஜி.ஐ. பைப்பையும் கம்பியையும் அரித்துக்கொண்டிருந்தது. துருப்பிடிக்காத பொருளுக்கு மாற்றியபோது தண்ணீர் தெளிந்தது.

அந்தப் பெண்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. அவர்கள் நடந்து போன பாதைதான் அவர்களுடைய கருத்து. புகார்ப் பெட்டி காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற முதலாளிகள் கொஞ்சம் வெளியே வந்து, ஜனங்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 1990-களில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டத்தின் கீழ், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே கைப்பம்பு பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை ஆண்கள் வேலை என்று ஒதுக்கி வைத்திருந்த வேலை. பம்பு நின்றால் மைல் கணக்கில் நடக்கப்போகிறவர் கையில் ஸ்பேனர் வந்தது. யாருக்கு வலி அதிகமோ, அவர் கையிலேயே சரிசெய்யும் வழியைக் கொடுப்பதுதான் வாடிக்கையாளர் கருத்துக்குக் கொடுக்கும் உச்ச மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

இன்றைக்கும் அந்த வரிசை நின்றுவிடவில்லை. பம்பு நிற்கவில்லை, நின்றாலும் உடனே சரியாகிறது என்ற நிலை வந்த பிறகு, அதுவரை வெளியே கேட்காத அடுத்த குரல் கேட்கிறது: 'ஏனுங்க, இன்னும் எத்தனை காலத்துக்கு இடுப்புல குடத்தைச் சுமக்கறது?' 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் என்று பேசியது இந்தக் குரலுக்குப் பதிலாகத்தான். எவ்வளவு நல்ல அடிபம்பும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பொருள் மாற வேண்டிய நேரம் அது. முதல் புகார் தீர்ந்தால்தான் இரண்டாவது புகார் வெளியே தெரியும். ஆகவே வரிசையை ஒரு தடவை எழுதி, பிரேம் போட்டு மாட்டிவிட்டால் ஆகாது. வருஷா வருஷம் அழித்து எழுத வேண்டும்.

பெருக்கல் கணக்கின் பொறி

மாணவர்களே, இனி உங்கள் பாடத்துக்கு வருகிறேன். பழுதுகளை வரிசைப்படுத்த எப்.எம்.ஈ.ஏ. என்று ஒரு முறை படித்திருப்பீர்கள். 1949-ல் அமெரிக்க ராணுவம் எழுதிய நடைமுறையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று மதிப்பெண். பாதிப்பு எவ்வளவு கடுமை? எவ்வளவு அடிக்கடி வரும்? வெளியே போகும் முன் நம் கண்ணில் படுமா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை போட்டு, மூன்றையும் பெருக்கு. பெரிய எண் வந்தது முதலில்.

ஒரு வீட்டு மோட்டாருக்குப் போட்டுப் பார்ப்போம். பெயின்ட் உரிகிறது என்று ஏகப்பட்ட புகார். கடுமை 2, அடிக்கடி 9, கண்டுபிடிப்பது 3. பெருக்கினால் 54. ஷாக் அடித்தது என்று ஒரே ஒரு கடிதம். கடுமை 10, அடிக்கடி 1, கண்டுபிடிப்பது 3. பெருக்கினால் 30. பார்த்தீர்களா? பெயின்ட் ஜெயித்துவிட்டது! கணக்கு சரி, முடிவு பயங்கரம். ஒரு உயிரை நூறு பெயின்ட் புகாரோடு தராசில் வைக்கலாமா? இந்தக் குறையை உலகமும் உணர்ந்தது. 2019-ல் வாகனத் துறைக்காக அமெரிக்க, ஜெர்மானிய அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு, இந்தப் பெருக்கல் எண்ணைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்கிறது. கடுமை முதலில், எண்ணிக்கை பிறகு. உயிர், உடல், அன்றாடப் பிழைப்பு, அப்புறம்தான் வசதி, அதற்கும் அப்புறம் அழகு.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனியின் கதையும் உண்டு. 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது. சும்மா மாற்றவில்லை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்குச் சுவைக்கக் கொடுத்து, புதியதுதான் பிடித்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மாற்றியது. ஆனால் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சுவைத்துப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. 'இது பிடிக்கிறதா' என்று கேட்டார்கள், பிடிக்கிறது என்றார்கள். 'இதைத் தேர்ந்தெடுத்தால் பழையது இனிமேல் கிடைக்காது, பரவாயில்லையா' என்பது அந்தச் சுவைச் சோதனையில் இல்லை. இரண்டு லட்சம் பதிலால்கூட ஒரு தவறான கேள்வியைக் காப்பாற்ற முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

தொழிலில் இருக்கும் நண்பர்கள் கேட்கலாம்: 'தத்துவம் எல்லாம் சரிப்பா, திங்கட்கிழமை காலையில் என்ன செய்யறது?' அனுபவத்தில் எனக்குப் பலித்த மூன்று பழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, புகார் யாருடையது என்று எழுதுங்கள். விற்கிறவரா, வாங்குகிறவரா, பயன்படுத்துகிறவரா, பழுது பார்க்கிறவரா? நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், மீட்டிங்குக்கு வருவதெல்லாம் டீலர்களின் கருத்து. பெட்டி கவர்ச்சியாக இல்லை, கலர் எடுப்பாக இல்லை. அதே கம்பெனியின் சர்வீஸ் ரிஜிஸ்தரைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் குறைந்த வோல்டேஜில் காயில் எரிந்த கதைதான். டீலர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசினார். விவசாயியின் குரல் கிரீஸ் கறை படிந்த நோட்டில் இருந்தது. இரண்டும் வாடிக்கையாளர் கருத்துதான், ஆனால் ஒரே எடை இல்லை.

இரண்டாவது, புகாரை அவர்கள் அளவுகோலில் எழுதுங்கள். 'பழுது விகிதம்' என்று எழுதாதீர்கள். 'எத்தனை நாள் தண்ணீர் இல்லை', 'எத்தனை மணி நேரம் கடை மூடிக் கிடந்தது', 'அன்றைய கூலி எவ்வளவு போனது' என்று எழுதுங்கள். வரிசை தானாகவே பாதி தெளிந்துவிடும்.

மூன்றாவது, பேசாதவர்களை மாதம் ஒருமுறை தேடிப் போங்கள். இன்று செல்போனைத் தட்டினால் நட்சத்திரம் போடலாம், நாலு வரி திட்டலாம். நல்ல விஷயம்தான். ஆனால் நட்சத்திரம் போடுகிறவர் பெரும்பாலும் ரொம்பக் கோபத்தில் இருப்பவர் அல்லது ரொம்பக் குஷியில் இருப்பவர். நடுவில் இருக்கிற பெருங்கூட்டம் சத்தம் போடாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறது. வாங்கி ஆறு மாதத்தில் பயன்படுத்துவதை நிறுத்தியவர் வீட்டுக்குப் போய், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, 'ஏனுங்க நிறுத்திட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த அறிக்கையிலும் இல்லாத விஷயம் அந்தத் திண்ணையில் கிடைக்கும்.

கடைசியாக, இந்தச் சங்கத்தின் முன்னால் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். பம்பு, கிரைண்டர், நெசவு இயந்திரம், மென்பொருள் என்று ஒவ்வொருவரும் ஒரு துறை. நம் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு புராஜக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். பழைய புராஜக்டைத் தூசி தட்டி, அட்டையை மாற்றிக் கொடுக்கிற வழக்கம் நம் காலத்திலேயே உண்டு, இப்போது இல்லை என்று நம்புகிறேன்! நீங்கள் பண உதவி செய்யவேண்டாம். உங்கள் சர்வீஸ் ரிஜிஸ்தரை இரண்டு மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். ஒரு வாரம் பழுது பார்க்கும் மேஜைப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். பழுது பார்க்கும் அண்ணன்மார் பேசுவதைக் கேட்கட்டும். பத்துப் புகாரை எடுத்து, எது முதலில், ஏன் என்று காரணத்தோடு வரிசைப்படுத்திக் கொண்டுவரட்டும். அந்த வரிசையில் முதலாவதை அவர்கள் தீர்க்க முயலட்டும். அவர்களுக்கு உண்மையான புராஜக்ட் கிடைக்கும். உங்களுக்கு, சம்பளம் வாங்குகிற யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிற விஷயம் கிடைக்கும்.

துறைத் தலைவர் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார். விருப்பமுள்ள தொழில் முனைவோர் வரவேற்பு மேஜையில் வைத்திருக்கும் நோட்டில், சாப்பாட்டுக்குப் போகும் முன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நம்மால் எதுவும் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும்.